ஆறுக்கு ஆறு சாத்தியமா? பாடியில் ஒரு வீட்டுப் பட்டிமன்றம்!

ஞாயிற்றுக்கிழமை வான்கடேயில் மும்பை 9 விக்கெட் வித்தியாசத்தில் நம்மைத் துவைத்ததிலிருந்து, பாடியில் எங்கள் வீட்டில் ரிமோட்டைவிட கால்குலேட்டர்தான் அதிகம் கைமாறுகிறது. 8 மேட்ச், 2 வெற்றி, 4 பாயின்ட். மிச்சம் 6 மேட்ச். எல்லாமே ஜெயித்தால் 16.

"போன வருஷம் ஆர்.சி.பி பண்ணலையா?" என்பது அப்பாவின் கட்சி. உண்மைதான். 2024-ல் முதல் 8 மேட்சில் ஒன்றே ஒன்று ஜெயித்த பெங்களூரு, அடுத்த ஆறையும் ஜெயித்து 14 பாயின்ட்டில் உள்ளே போனது. அதே 14 பாயின்ட் வைத்திருந்த நம்மை ரன் ரேட்டில் வெளியே தள்ளிவிட்டுத்தான் போனது! அப்பாவிடம் இன்னொரு துருப்புச்சீட்டும் உண்டு: 2010. முதல் 7-ல் 5 தோல்வி. தர்மசாலாவில் கடைசி ஓவரில் 16 ரன் தேவைப்பட, இர்ஃபான் பதானை தல வெளுத்ததும், ஹெல்மெட்டில் தானே குத்திக்கொண்டதும்... அந்த வருஷம் கப் நம்முடையது.

"அப்போ அவருக்கு 28 வயசுப்பா. இப்போ 43" என்றான் தம்பி.

இங்கேதான் சண்டை சூடானது. பெங்களூருக்கு எதிராக 9-வது ஆளாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தார். மேட்ச் அதற்கு முன்பே கைவிட்டுப் போயிருந்தது. டெல்லிக்கு எதிராக, அவருடைய அப்பா அம்மா சேப்பாக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, 26 பந்தில் 30. தோல்வி. ஆனால் லக்னோவில் 11 பந்தில் 26, ஆட்ட நாயகன்! சூர்யகுமாரை ஸ்டம்பிங் செய்த வேகத்துக்கு வயதே கிடையாது. முழங்கால் பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட முடியாது என்று கோச் ஃப்ளெமிங்கே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

"முழங்கால்" என்றதும் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். பாடியில் ஒரு கம்பெனியில் 58 வயது வரை வேலை பார்த்தவர். ரிட்டையர் ஆன பிறகும், புதுப் பையன்களுக்கு மெஷின் செட்டிங் பிடிபடவில்லை என்று கூப்பிட்டார்கள். ஆறு மாதம் போனார். பிறகு மாடிப்படி ஏற முடியாமல் அவரே நின்றுவிட்டார். "கூப்பிடுறவங்க கூப்பிடத்தான் செய்வாங்க. இவரு போறாருன்னா, அங்க வேற ஆள் ரெடியாகலன்னு அர்த்தம்" என்றார். தம்பி அதற்குமேல் பேசவில்லை.

நான் இதில் பாதி அப்பா கட்சி. கேப்டன் ருதுராஜ் முழங்கையில் அடிபட்டு வெளியேறியதால்தான் பொறுப்பு மறுபடி தோனியிடம் வந்தது. திரிபாதி, கான்வே, ரச்சின், ஷேக் ரஷீத் என ஓப்பனிங் ஜோடி மாறிக்கொண்டே இருக்கிறது. 2019-க்குப் பிறகு 180 அல்லது அதற்கு மேலான இலக்கைத் துரத்தி நாம் ஜெயித்ததே இல்லை. இதற்கெல்லாம் கடைசி நான்கு ஓவருக்கு வருகிறவரையா திட்டுவது? மும்பைக்கு எதிராக 17 வயது ஆயுஷ் மாத்ரே 15 பந்தில் 32 அடித்தாரே, அந்த வேகம் முதல் மேட்சிலேயே வேண்டியிருந்தது. அதே சமயம், 9-வது ஆளாக இறங்குவதில் எனக்கும் உடன்பாடு இல்லை. அடிக்க முடிந்தால் ஏழாவதாவது வரலாம்.

பிளே ஆஃப்? ஆறு அணிகள் ஏற்கெனவே 10 பாயின்ட்டைத் தொட்டுவிட்டன. ஐந்து ஜெயித்து 14-க்கு வந்தாலும், கொல்கத்தா நம் 103 ரன்னை 10.1 ஓவரில் முடித்த கணக்கு ரன் ரேட்டில் இன்னும் வலிக்கிறது. மீதி மேட்சில் மூன்று சேப்பாக்கத்தில்தான். ஆனால் அங்கேயே இந்த வருஷம் மூன்று தோற்றிருக்கிறோம். என் கணக்கில் நூற்றுக்கு ஐந்து. அப்பாவிடம் பத்து என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று வியாழக்கிழமை. திருவலிதாயம் கோயிலில் குரு பகவானுக்கு விளக்கேற்றிவிட்டு வந்த அம்மா தன் பங்குக்குச் சொன்னார்: "மே 11 குருப்பெயர்ச்சி. அதுக்கப்புறம் எத்தனை மேட்ச் இருக்கு?"

இரண்டு. ராஜஸ்தான், குஜராத்.

"அப்போ அந்த ரெண்டும் ஜெயிச்சிடுவாங்க. நாளைக்கு யாரோட?"

ஹைதராபாத். அவர்களும் 8-ல் 2 தான். சேப்பாக்கத்தில் இதுவரை நம்மை ஜெயித்ததில்லை.

"எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு."

அம்மா அப்பாவைப் பார்த்தார். "ஏழரையா? விளங்கிடும்!"