பட்டத்துக்கு உண்டு, படகுக்கு இல்லை!

மொட்டை மாடியில் நின்று பட்டம் விடும் சிறுவன் விமானம் ஓட்டுகிறான் என்று சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால், 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டம் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. "விமானம்" என்ற சொல்லுக்கு அச்சட்டம் அளித்த விளக்கத்தில் பலூனும், ஆகாயக் கப்பலும், கிளைடரும் மட்டுமல்ல, பட்டமும் அடங்கும். வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட அந்த விளக்கம் சுதந்திர இந்தியாவிலும் பல்லாண்டுகள் நீடித்தது. 2025 ஜனவரி 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்கு "பாரதிய வாயுயான் அதிநியம்" வந்துவிட்டது. சட்டத்துக்கு ஹிந்திப் பெயர் சூட்டப்பட்டதற்கு நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எழுந்தது. நியாயமான எதிர்ப்புதான். ஆனால், அந்த விவாதங்களின்போது எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. வானத்தில் பறக்கும் காகிதத்தைக்கூட விட்டுவைக்காத தேசம், நகரத்து ஏரியில் குழந்தைகளை ஏற்றிச் செல்லும் படகை எத்தனை காலமாகக் கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறது?

வான்வெளியைப் பொருத்தவரை யாருக்கு அதிகாரம் என்பதில் குழப்பமே இல்லை. அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணைப்படி விமானமும் வான் போக்குவரத்தும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. ஏரியின் மேலே ட்ரோன் பறக்கவிட வேண்டுமென்றால், 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, விதிவிலக்குகள் நீங்கலாக, அதற்கென்று தனி அடையாள எண் பெற வேண்டும். அந்த இடம் பச்சை மண்டலமா, மஞ்சள் மண்டலமா, சிவப்பு மண்டலமா என்று வரைபடத்தைப் பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெளிவு.

அதே ஏரியின் நீர்ப்பரப்புக்கு இறங்கி வந்தால் நிலைமை தலைகீழ். இயந்திரத்தால் இயங்கும் படகு, உள்நாட்டு நீர்வழி என்ற தலைப்பின்கீழ் மத்திய - மாநில அரசுகளின் பொதுப் பட்டியலில் வருகிறது. துடுப்பால் இயங்கும் படகும் ஓடத்துறையும் மாநிலப் பட்டியலில். ஏரியின் தண்ணீரும், அதிலுள்ள மீன்வளமும் மாநிலப் பட்டியலிலேயே. காலையில் துடுப்புப் போட்ட படகில் மாலையில் ஒரு மோட்டாரைப் பொருத்தினால், அது ஒரு பட்டியலிலிருந்து இன்னொரு பட்டியலுக்குத் தாவிவிடுகிறது! படகு கவிழ்ந்தால் மூழ்குகிறவர் எந்தப் பட்டியலில் இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

பழைய சட்டங்களைப் புரட்டினால் இந்த அலட்சியத்தின் வேர் தெரியும். 1878-ஆம் ஆண்டின் வட இந்திய ஓடத்துறைச் சட்டம், ஓடத்துறையில் கட்டணம் வசூலிக்கும் உரிமையைப் பொது ஏலத்தில் விட வழி செய்தது. ஆட்சியாளர்களுக்கு ஓடத்துறை என்பது முதலில் ஒரு வருவாய் இனம், மற்றவையெல்லாம் பிறகு. 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரக் கலங்களோடு நின்றுகொண்டது. நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, 2021-இல்தான் புதிய உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. ஏரியும் உள்நாட்டு நீர்ப்பரப்பே என்று அது தெளிவாகச் சொல்கிறது. இயந்திரக் கலங்களுக்குப் பதிவு, தகுதிச் சோதனை, காப்பீடு, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று என்று பட்டியலிடுகிறது. இயந்திரம் இல்லாத படகுகளுக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால், அதற்கான பணியாளரையும் சோதனையையும் ஏரிக்கரைக்குக் கொண்டுவர வேண்டியது மாநில அரசுகளின் பொறுப்பு. தில்லியில் அரசிதழில் அச்சாகிற சட்டம் ஏரியின் படித்துறைக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆகும்?

அதற்கு வதோதரா நகரம் கொடுத்த விலை கொடியது. 2024 ஜனவரி 18-ஆம் தேதி அந்நகரின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த குழந்தைகளை ஏற்றிய படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் உயிரிழந்தனர். ஏற்றத்தக்க அளவைவிடக் கூடுதலாக ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பலருக்கு உயிர்காப்பு அங்கி தரப்படவில்லை. ஏரி மாநகராட்சியுடையது, அதைப் பொழுதுபோக்கு இடமாக நடத்தும் உரிமை ஒப்பந்தப்படி தனியாரிடம் இருந்தது. குஜராத் உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்ட பிறகே, அந்த ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட விதம் குறித்த கேள்விகள் வலுப்பெற்றன. 1878-இன் ஏல மனப்பான்மை வேறு பெயரில் தொடர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 2021-இன் சட்டமும் இருந்தது. படகுப் பாதுகாப்புக்கென்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இருந்தன. இல்லாதது, அன்று படித்துறையில் நின்று "இந்தப் படகு புறப்படக் கூடாது" என்று சொல்லும் அதிகாரமும் கடமையும் உள்ள ஒருவர்.

போபால் நகரத்தின் கதையும் யோசிக்க வைப்பது. 2019 செப்டம்பர் 13-ஆம் தேதி, விநாயகர் சிலையைக் கரைக்கச் சென்றபோது அங்குள்ள சிறிய ஏரியில் படகு கவிழ்ந்து 11 பேர் இறந்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பரில், அந்நகரின் பெரிய ஏரியில் மோட்டார் படகுகளுக்கும் உல்லாசப் படகுகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. இரண்டு ஏரிகளும் சேர்ந்ததே ராம்சர் பட்டியலில் உள்ள போஜ் ஈரநிலம். பெரிய ஏரி நகரின் குடிநீர் ஆதாரமும்கூட. எனவே தடையைக் குறை சொல்ல இயலாது. ஆனால், தண்ணீர் மாசுபடுவதைக் கேட்க ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. படகில் ஏறும் மனிதனின் உயிருக்கு அப்படி நிலையான ஒரு காவல் இல்லை.

இந்தக் குழப்பத்தின் மேல்தான் இப்போது கடல்விமானங்களை இறக்கப் பார்க்கிறார்கள். 2013 ஜூனில் கேரள அரசு அஷ்டமுடி ஏரியில் கடல்விமானச் சேவையைத் தொடங்கி வைத்தபோது, ஆலப்புழையின் புன்னமடை ஏரியில் மீனவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் அத்தோடு முடங்கியது. குஜராத்தில் சர்தார் படேல் சிலை அருகே விமானம் இறங்குவதற்காக 2019-இல் நீர்நிலையிலிருந்து முதலைகள் பிடித்து அகற்றப்பட்டன. 2020 அக்டோபர் 31-இல் பிரதமர் தொடங்கி வைத்த கேவடியா - சபர்மதி சேவை மறு ஆண்டே நின்றுபோனது. 2024 நவம்பரில் விஜயவாடாவிலும் கொச்சியிலும் மீண்டும் சோதனை ஓட்டங்கள் நடந்தன.

கடலில் ஒரு சர்வதேச விதி உண்டு. நீரில் மிதக்கும் கடல்விமானமும் ஒரு கலமே. பொதுவாக அது மற்றக் கலங்களுக்கு இடம்விட்டு விலகிச் செல்ல வேண்டும். புன்னமடையில் மீனவர்கள் அஞ்சியது இதற்கு நேர்மாறானதைத்தான். விமானத்துக்காகத் தங்கள் வள்ளமும் வலையும் விலக வேண்டியிருக்குமே என்பதே அவர்களது கவலை. வானத்திலிருந்து வருகிறவருக்குத் தில்லியின் உரிமம் கையில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த நீரில் வாழ்கிறவருக்கு எந்தக் காகிதம் இருக்கிறது?

நீதிமன்றங்கள் தம்மாலானதைச் செய்துதான் பார்க்கின்றன. 2020 மார்ச் 2-ஆம் தேதி பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் சண்டீகரின் சுக்னா ஏரியை உயிருள்ள சட்ட நபர் என்று அறிவித்தது. அந்நகரின் குடிமக்கள் அனைவரையும் அந்த ஏரிக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் நிறுத்தியது. உயர்ந்த எண்ணம்தான். ஆனால், எல்லோரும் காவலர் என்றால் நடைமுறையில் யாரும் காவலர் இல்லை என்றாகிவிடும்.

இதற்குத் தீர்வு, ஏரிகளையும் மத்திய அரசே எடுத்துக்கொள்வது அல்ல. மாநிலங்களிடம் எஞ்சியிருக்கும் அதிகாரங்களில் இன்னொன்றைப் பறிக்க அது சாக்காகிவிடும். ஓர் ஊர் ஏரியின் காற்றையும் ஆழத்தையும் அந்த ஊர்தான் அறியும். கடுமையான விதிகள் ஏழைப் படகோட்டிகளின் பிழைப்பைக் கெடுக்கும் என்ற வாதத்தையும் புறந்தள்ள முடியாது. ஆனால், ஒரு படகு கவிழ்ந்தால் ஏரியே மூடப்பட்டு முதலில் பட்டினி கிடப்பவர் அந்தப் படகோட்டிதான்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு நகர ஏரிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அதிகாரி இருக்க வேண்டும். ஏரியிலிருந்து வருவாய் பெறும் அமைப்பே படகுக்குத் தகுதிச் சான்றும் வழங்குவது நிற்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம், கடைசியாக எப்போது சோதனை நடந்தது என்பவை ஒவ்வொரு படகிலும் உள்ளூர் மொழியில் எழுதப்பட வேண்டும். விமானம் இறக்குவதற்கு முன் அந்த நீரை நம்பி வாழும் மீனவர்களின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. இருக்கும் சட்டத்தின்கீழ் மாநில அரசுகள் விதிகளை வகுத்து, ஆட்களை நியமித்தாலே போதும்.

பட்டத்தையும் விமானமாகக் கருதிச் சட்டம் எழுதிய நாட்டுக்கு, படகில் ஏறும் குழந்தையையும் கணக்கில் எடுத்துக்கொள்வது முடியாத காரியமல்ல.