கடற்பாசி மருந்துக்கும் கறாரான சோதனை வேண்டும்

ஜப்பானின் யாகுஷிமா தீவில், கோண்ட்ரியா அர்மாட்டா என்ற செம்பாசியில் உட்கார்ந்த ஈக்கள் செத்து விழுவதை அவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்தப் பாசியிலிருந்து 1958இல் டோமோயிக் அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. குடற்புழு நீக்கும் மருந்தாகப் பயன்பட்டது. கரப்பான்களைக் கொல்லும் ஆற்றலும் அதற்கு இருப்பது பின்னர் தெரிந்தது. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பகுதி மட்டிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிலர் இறந்தனர், பிழைத்த சிலருக்கு நினைவாற்றலே சிதைந்தது. காரணம், அதே டோமோயிக் அமிலம். அங்கே அதை உண்டாக்கியது வேறொரு நுண்பாசி என்றாலும் நஞ்சு ஒன்றுதான். நரம்பணுக்களை அளவுமீறித் தூண்டியே அழிக்கும் அந்த நஞ்சு, பூச்சி, மனிதர் என்று பேதம் பார்ப்பதில்லை.

கடற்பாசிப் பூச்சிக்கொல்லி பற்றிய பேச்சு பெருகிவரும் இந்நாளில் இதை நாம் மறக்கக் கூடாது. இயற்கையில் கிடைத்தது என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

கடற்பாசியில் கிருமிக்கும் பூச்சிக்கும் மருந்து தேடும் ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் ஆழமாக வேண்டும் என்கிறோம். ஆஸ்திரேலியக் கடலின் டெலிசியா புல்க்ரா பாசியில் உள்ள ஃபியூரனோன்கள், பாக்டீரியாக்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வேதிச் சைகைகளைக் குலைத்து, அவை கூடிப் படலமாகப் படர்வதைத் தடுக்கின்றன. வழக்கமான மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் பெருகும் காலத்தில் இது பெரிய நம்பிக்கை. மூலக்கூறைத் தனியே பிரித்து, அது வேலை செய்யும் விதத்தைக் கண்டறிந்ததால் கிடைத்த நம்பிக்கை அது. ஆய்வகத் தட்டில் பாசிச் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரிந்தால், அது தொடக்கம் மட்டுமே. சாற்றில் பல பொருள்கள் கலந்திருக்கும். பருவத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப அவற்றின் அளவும் மாறும்.

ராமநாதபுரம் கடலோரப் பெண்கள் எடுத்துவரும் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகிய கடற்பாசிகளுக்கும் இதே அளவுகோல்தான். எந்தப் பொருள் கிருமியைக் கொல்கிறது, எவ்வளவு தேவை, மனிதருக்கும் தேனீக்கும் மீனுக்கும் என்ன செய்யும் என்பதுவரை போகும் ஆய்வுக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. கடற்பாசிச் சாறு 2021 முதல் பயிர் ஊக்கியாக உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகிறது. பூச்சியைக் கொல்லும் என்று விற்பதென்றால் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். ஊக்கி என்று அனுமதி பெற்றுப் பூச்சிமருந்தாக விற்பதற்கு இடம் தரலாகாது. அப்படி விளம்பரப்படுத்தும் புட்டி எதுவானாலும், நச்சுச் சோதனை முடிவைக் காட்டும்வரை வேளாண் துறை அதன் விற்பனையை நிறுத்திவைக்க வேண்டும். முதலில் அதைக் கையால் கலக்கப்போவது விவசாயிதான்.