காஸ் எங்கே போயிற்று?

சென்ற சித்திரையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி ஒரு கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரம் போய்விட்டு வந்தார். ஏர் கண்டிஷன் வைத்த கார்தான். ஆனால் இறங்கும்போது பட்டுப் புடவை வியர்வையில் நனைந்திருந்தது.

"காஸ் தீர்ந்துவிட்டதாம். போன வருஷந்தான் போட்டோம். வருஷா வருஷம் இது ஒரு தண்டம்!" என்று அலுத்துக்கொண்டார்.

சகோதரிகளே, நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இந்தக் காஸ், சமையல் காஸைப் போல எரிந்து தீருகிற வஸ்து அல்ல. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, காருக்குள்ளிருக்கும் உஷ்ணத்தை வெளியே கொண்டுபோய் விடுவதுதான் அதன் வேலை. பல வருஷங்களில் சிறிது குறைவது சகஜம். ஒரே வருஷத்தில் காலியானால், எங்கோ ஒழுகுகிறது என்றுதான் அர்த்தம். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்களா?

அதற்காகக் குளிர்ச்சி குறைந்தாலே கசிவு என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். காற்றே பலமாக வரவில்லையென்றால், ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கார் ஓடும்போது ஜில்லென்றும், சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகவும் இருந்தால், முன்புற விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்று பலமாகத்தான் வருகிறது, ஆனால் வாரத்துக்கு வாரம் குளிர்ச்சி குறைகிறது. கம்ப்ரெஸர் 'டக் டக்' என்று அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது என்றால், கசிவைச் சந்தேகியுங்கள்.

எஞ்சின் ஆறிய பிறகு பானெட்டைத் திறந்து பாருங்கள். குழாய்கள் சேரும் இடத்தில், அடுப்படிச் சுவரில் படிவதுபோல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கிறதா? காஸோடு கம்ப்ரெஸருக்கு வேண்டிய எண்ணெயும் சேர்ந்து சுற்றுகிறது. காஸ் போகிற வழியில் அதுவும் கசியும். ஆனால் நீங்களாக எதையும் கழற்றாதீர்கள். பீறிட்டு வரும் காஸ் கண்ணிலோ தோலிலோ பட்டால் உறைய வைத்துவிடும்.

மற்றது மெக்கானிக்கின் பொறுப்பு. மீதமுள்ள காஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடை போடலாம். எத்தனை கிராம் வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் ஒட்டிய சீட்டில் இருக்கும். 500 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 200 கிராம்தான் என்றால், அப்புறம் சந்தேகம் ஏது? பிறகு நைட்ரஜனை அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். குமிழி விட்டால் ஓட்டை அங்கேதான். பஞ்சர் கடைக்காரர் சைக்கிள் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறாரே, அதே வித்தைதான்! நுரைக்கும் அகப்படாத சின்னஞ்சிறு கசிவுக்கு ஒரு சாயம் உண்டு. அதைக் காஸோடு செலுத்திவிட்டுச் சில நாள் கழித்து ஊதா விளக்கைப் பிடித்தால், கசிந்த இடம் பளிச்சென்று ஒளிரும். டாஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் பகுதிக்கு, மோப்பம் பிடிக்கும் கருவியைத் தண்ணீர் சொட்டும் குழாயருகே வைப்பார்கள். இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானதால் கீழ்நோக்கித்தான் இறங்கும்.

"இவ்வளவு சிரமம் எதற்கு? காஸை நிரப்பிக்கொண்டு போவோமே!" என்கிறீர்களா? காஸோடு எண்ணெயும் போய்விட்டால் கம்ப்ரெஸர் வறண்டு தேய்ந்து கெட்டுவிடும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் வியர்வை தானாக வரும். இன்னொன்றும் உண்டு. பல கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்னும் காஸ். அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், 100 வருஷக் கணக்கில், ஏறக்குறைய 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றுகிறது. நம் கார் குளிர வேண்டுமென்று ஊரைச் சூடாக்குவது நியாயமா?

மாமி இந்தத் தடவை வேறு பட்டறைக்குப் போய், "முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள், காஸ் அப்புறம்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நுரை காட்டிக் கொடுத்தது, இணைப்பில் இற்றுப்போன ஒரு சிறிய ரப்பர் வளையத்தை! அதை மாற்றி, குழாய்களிலிருந்த காற்றை உறிஞ்சி, அரை மணி நேரம் கசிவில்லாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே காஸ் ஏறியது.

"இரண்டு வருஷம் காஸுக்குக் கொட்டிக் கொடுத்தேன். கடைசியில் கம்மல் திருகாணி அளவுகூடத் தடிமன் இல்லாத ஒரு வளையம்!" என்றார் மாமி.

அடுத்த முறை பட்டறையில் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்குமுன், "எங்கே ஒழுகுகிறது?" என்று கேளுங்கள்.