ஜார்ஜியா அளித்த மன்னிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய ஜார்ஜியாவைப் பற்றி எழுதுவோர், அதன் பருத்தி வயல்களையும், நெடிய பைன் வனங்களையும், தென்னெல்லையிலுள்ள ஓகிஃபெனோகிப் பெருஞ் சதுப்பையும் வியந்துரைப்பது வழக்கம். வியப்புத் தக்கதே. ஆயினும் அதன் வடபால் மலைகளில் டலோனிகா என்றோர் ஊருண்டு. செரோக்கி மொழியில் மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். அம்மொழிக்குரியோர் அங்கிருந்து எவ்வாறு அகற்றப்பட்டனர் என்பதை அறிந்தவர் நம்மிற் சிலரே.

1821ஆம் ஆண்டில் ஸெக்வோயா என்னும் செரோக்கியர், ஆங்கிலம் வாசிக்க அறியாதவராயிருந்தும், தம் தாய்மொழியின் ஒவ்வோர் அசைக்கும் ஓர் எழுத்து வகுத்து முடித்தார். நம் உயிர்மெய் வரிசையைக் கற்றோர்க்கு அதன் அருமை எளிதில் விளங்கும். 1828ல் நியூ எக்கோட்டா என்னும் அவர்தம் தலைநகரில் இருமொழிப் பத்திரிகையொன்றும் தோன்றிற்று. அதற்குரிய அச்செழுத்துக்கள் பாஸ்டன் நகரில் அமெரிக்கன் போர்டின் ஏற்பாட்டால் வார்க்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக்கும் மதுரைக்கும் மிஷனெரிமாரை அனுப்பிய சங்கமும் அதுவே.

அம்மலைகளிற் பொன் கிடைத்தது செரோக்கியர்க்குத் தீங்காய் முடிந்தது. அவர் நாட்டில் வசிக்கும் வெள்ளையர், ஜார்ஜியாவுக்கு விசுவாசப் பிரமாணம் செய்து அனுமதி பெறவேண்டுமென்று 1830ல் சட்டம் பிறந்தது. அதை மீறிய 11 பேருக்கு 1831ல் நான்காண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. மன்னிப்பு அளிக்கக் கவர்னர் முன்வந்தபோது 9 பேர் ஏற்றனர். முற்கூறிய சங்கத்தைச் சார்ந்த சாமுவேல் உஸ்டரும் எலைசர் பட்லரும் மறுத்துச் சிறைபுகுந்தனர். செரோக்கியர் நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாதென 1832ல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் தீர்ப்பளித்தும், அவர்கள் வெளிவந்தது 1833 ஜனவரியிலேதான். 1838ல் செரோக்கியர் துருப்புக்களால் மேற்கே ஓட்டப்பட்டனர். முகாம்களிலும் வழியிலும் மாண்டோர் ஏறக்குறைய 4,000 என்பர்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். 1992ல் ஜார்ஜியா அவ்விருவர்க்கும் மன்னிப்பு வழங்கிற்று. நல்லெண்ணத்தோடு செய்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பு குற்றவாளிக்கு உரியதன்றோ? இவர்கள்மேற் சாட்டிய குற்றம் நில்லாதென்று உச்ச நீதிமன்றமே உரைத்துவிட்டது. மேலும், உயிரோடிருக்கையில் வேண்டாமென்று தள்ளிய பொருளை, மறுக்க வாயற்ற காலத்தில் அவர்கள் கையில் வைப்பது முறையோ? இறந்தோர்க்கு நீதி செய்யச் சட்டத்தில் வேறு கருவியில்லையென்று நண்பரொருவர் வாதித்தார். இருக்கலாம். எனினும், செரோக்கியர்க்கு விரோதமான தன் பழைய சட்டங்களை அதே ஜார்ஜியா 1962ல் நீக்கியதே, அச்செயலையே நான் மேலென்பேன். பிழை எவருடையது என்பதில் அங்கே மயக்கமில்லை.