பின்வாங்கும் கோமுகம்

சென்னையிலிருந்து வந்து சாந்த்ராகாச்சியில் இறங்கும் பயணி, கொல்கத்தாவுக்குள் நுழைய வித்யாசாகர் சேதுவில் ஹூக்ளியைக் கடக்கிறார். 1975 முதல் ஃபராக்கா அணை திருப்பிவிடும் கங்கை நீரும் அதில் கலந்து ஓடுகிறது. அந்தக் கங்கை பிறக்கும் பனியாறு தேய்வதைக் கணக்கெடுத்ததும் இதே நகரைத் தலைமையகமாகக் கொண்ட இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைதான். அதன் நிபுணர் ஜான் ஆடன், கவிஞர் டபிள்யூ.எச். ஆடனின் அண்ணன், 1935இல் கங்கோத்ரி பனியாற்றின் முகப்பை வரைபடமாக்கினார்.

சுமார் 30 கி.மீ. நீளமுள்ள இந்தப் பனியாறு இருப்பது உத்தராகண்டின் கங்கோத்ரி தேசியப் பூங்காவில். முகப்பான கோமுகத்தைக் காண, கோயிலிலிருந்து சுமார் 18 கி.மீ. மலைப்பாதையில் நடக்க வேண்டும். நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. மூச்சு வாங்க வந்து சேர்பவர் எதிர்பார்ப்பது வெள்ளிப் பனி. காண்பதோ மண்ணும் கல்லும் அப்பிய சாம்பல்நிறச் சுவர். அதையும் கைகூப்பி வணங்குகிறார்கள். வழியில் தாங்கள் மிதித்து வந்த கற்குவியல் கிடக்கும் இடத்தில் ஒரு காலத்தில் பனி இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

1935 முதல் 1996 வரை ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 19 மீட்டர் பனி பின்வாங்கியது. அதற்குப் பிறகும் நிற்கவில்லை. ஆடன் பனியைப் பார்த்த இடத்திலிருந்து, இன்று அதைத் தொட ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும்.