அஞ்சு லட்சம் கார்டும் கட்டுவிரியனும்

விடிகாலை நாலு மணிக்கு டார்ச்சும் மம்புட்டியுமா வரப்புல நடந்திருக்கீங்களா? நான் நடக்குறவன். நீடாமங்கலத்தைச் சுத்தி பாதி சனம் அப்படித்தான் தண்ணி பாக்கப் போகுது. மருத்துவச் செலவுன்னா எங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பைபாஸ் ஆபரேஷன் இல்லீங்க, கட்டுவிரியன்.

அது கடிச்சா பல சமயம் வலிக்கவே வலிக்காது. ஏதோ எறும்புன்னு விட்டுடுவோம். கொஞ்ச நேரத்துல இமை சொருகும், நாக்கு குழறும், அப்புறம் மூச்சு. அந்த நேரத்துல பக்கத்துலயே விஷமுறிவு மருந்து வேணும் (ஆரம்பத்துக்கே பத்து குப்பி வரை போகும்), முழிச்சிருக்குற டாக்டரும் நர்ஸும் வேணும், மூச்சுக் கருவி வேணும். தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி ரெண்டுமே சுமார் 30 கிலோமீட்டர். எங்க ஊரு ரயில்வே கேட்டைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கே தெரியும், அந்தக் கதை வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ‘ஏழைக்கு வைத்தியம், பணத்துக்கு எங்க போறது?’ன்னு கேட்டா எல்லாக் கட்சிக்காரங்களும் ஒரே பதில்தான் வச்சிருக்காங்க: காப்பீடு. 2009-ல கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-ல முதலமைச்சரின் விரிவான திட்டம், 2018-ல டில்லியோட ஆயுஷ்மான் பாரத். 1 லட்சம் 5 லட்சமாச்சு. 2022-ல தமிழக அரசு குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபாய் பிரீமியம் பேசிச்சு. ஒரு கோடிக்கும் மேல குடும்பம், கணக்கு ஆயிரம் கோடியைத் தாண்டுது.

கார்டால பிழைச்சவங்க உண்டு, மறுக்கல. அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தக் காசுல ஒரு பங்கு வருது, அதுவும் உண்மை. ஆனா கார்டு ஆபரேஷனுக்கு பில் கட்டும். ராத்திரி டூட்டிக்கு டாக்டரை உக்கார வைக்காது. சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாசாமாசம் காசு தராது. தேசிய சுகாதாரக் கணக்குப்படி 2021-22-ல நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க சொந்தப் பையிலேர்ந்து போனது. இத்தனை கார்டு கொடுத்தப்புறமும்!

விஷமுறிவு மருந்து அரசு ஆஸ்பத்திரில இலவசமா கிடைக்குதுன்னா அதுக்குக் காரணம் எந்தக் கார்டும் இல்ல. 1994-ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வரிப்பணத்துல மொத்தமா டெண்டர் விட்டு வாங்குது. பத்திரிகைல போட்டோ வர்ற மாதிரி திட்டம் இல்லைல்ல, அதான் யாரும் பேசுறதில்ல.

சரி, கூடுதல் பணம் எங்கேருந்து? உடனே ஒருத்தர் ‘டாஸ்மாக் காசை எடு’ம்பாரு. அது ஏற்கனவே கஜானாவுலதான் கொட்டுது சாமி. ஈரலைக் கெடுத்து ஈரலுக்கு வைத்தியம் பாக்குற பொருளாதாரம் எனக்குப் புரியல.

சம்பளம் வாங்குற பதிவர்களே, உங்க வருமான வரிக் கணக்கை எடுங்க. வரிக்கு மேல 4 சதவீதம் செஸ் இருக்கும். 2018-ல 3 சதவீத கல்வி செஸ்ஸை 4 ஆக்கி ‘சுகாதாரம்’ங்கிற பேரையும் சேர்த்தாங்க. நம்ம உடம்பைக் காட்டி வாங்குற காசு. வருமான வரியில நிதிக்குழு சொல்ற பங்கு மாநிலத்துக்கு வரும். செஸ்ல சல்லிக்காசு பங்கு கிடையாது, அரசியல் சட்டமே அப்படி. ஆஸ்பத்திரி நடத்துறது யாரு? மாநிலம். டில்லித் திட்டமா திரும்பி வந்தாலும் பெரும்பாலும் 60-க்கு 40. நம்ம கையிலேர்ந்து 40 போடணும், நிபந்தனையும் அவங்களோடது.

2017 தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள்ள அரசுகளோட மருத்துவச் செலவு ஜிடிபில 2.5 சதவீதம் ஆகும்னுச்சு. 2021-22-ல 1.84. 2025-ம் வந்து போயிடுச்சு.

அந்த ஒரு சதவீதத்தை செஸ்ஸா வாங்காதீங்க, நேரா வரியோட சேர்த்து வாங்குங்க. மாநிலப் பங்கு தானா வரும். வர்ற காசுல இங்க ஆள்றவங்க பிரீமியத்தை ஏத்துறதுக்கு முன்னாடி தாலுகா ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர் போடட்டும். இதுல சென்னையும் தப்பிக்க முடியாது. 2024 நவம்பர்ல பாம்புக்கடியை கட்டாயம் அறிவிக்க வேண்டியதா ஆக்குனாங்க, நல்ல காரியம். எண்ணிக்கை கையில வந்தா, எந்த ஊருக்கு எத்தனை குப்பி, எத்தனை ஆளுன்னும் கணக்குப் போடலாமே.

எதிர்க்கருத்து இருந்தா தாராளமா கும்முங்க. அதுக்கு முன்னாடி உங்க ஊரு அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு ராத்திரி பத்து மணிக்கு மேல போய், டூட்டில யாரு, விஷமுறிவு எத்தனை குப்பி இருக்குன்னு விசாரிச்சு அதையும் சேர்த்து எழுதுங்க.