நாற்காலி யாருடைய தானமும் அல்ல!

தூத்துக்குடி உப்பளங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் வெயிலில் உழைக்கிறார்கள். “பெண் வேலைக்குப் போனால் குடும்பம் என்னாகும்?” என்று அங்கே எந்த முதலாளி கேட்டான்? அவள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார வந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது!

இரண்டாம் உலகப் போர் அக்கேள்வியைச் சிறிது காலம் அடக்கி வைத்தது. ஆண்கள் போர்முனைக்குத் தேவைப்பட்டனர். பிரிட்டிஷ் சர்க்கார் 1942இல் பெண்கள் துணைப் படையை அமைத்தது. குமாஸ்தாக்களாக, டைப்பிஸ்டுகளாக, டெலிபோன் ஆபரேட்டர்களாகப் பெண்கள் பணியாற்றினர். போர் முடிந்தது, படை கலைக்கப்பட்டது, பழைய கேள்வி திரும்பி வந்தது.

சுதந்திர இந்தியாவில் அது விதியாகவே எழுதப்பட்டது. வெளிநாட்டுப் பணியிலுள்ள பெண் அதிகாரி மணம் புரிய சர்க்காரின் அனுமதி வேண்டும்; மணமானபின் ராஜினாமா செய்யச் சொல்லலாம்! ஆணுக்கு இந்த நிபந்தனை கிடையாது. அப்பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா உச்ச நீதிமன்றம் சென்றார். சர்க்கார் விதியைக் கைவிட்டது. 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த அநீதியை வன்மையாகக் கண்டித்தார்.

ஆள்வோர் தங்கள் தேவைக்குத் திறந்த கதவு, தேவை தீர்ந்ததும் மூடப்படும். போராடித் திறந்த கதவே நிலைக்கும். உப்பளத்துப் பெண்ணின் நியாயக் கூலியும் ஆபீஸ் பெண்ணின் நாற்காலியும் ஒரே உரிமையின் இரு முகங்கள். இரண்டுக்கும் சேர்ந்தே போராடுவோம்!